ஒற்றைக் கையுறை

சென்ற ஆண்டின் இறுதியில், மழை ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு ஆதம்பாக்கம் கருணீகர் தெரு வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் நடந்துவந்த என் மகள் வயிற்றுப் பேரன், பதினோராம் வகுப்பில் படிப்பவன், சற்றுத் தயங்கிவிட்டு ஒரு விண்ணப்பம் செய்தான்.

"நன்னா, எனக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கித் தாங்களேன்."

அவனுக்கு மரவேலையில் பெருவிருப்பம். பெருநாள் காசைச் சேர்த்துவைத்து, மேசையில் பொருத்திக்கொள்ளும் சிறிய துளைபோடும் எந்திரம் ஒன்றும், கையில் பிடித்து இயக்கும் கிரைண்டர் ஒன்றும் வாங்கியிருந்தான். மாடிப்படியின் கீழே கிடந்த இடம் அவனது பட்டறையாயிற்று. தன் தாய்க்காகத் திருமறை வைத்து ஓதும் ரெஹல் பலகை ஒன்றைச் செய்யத் தொடங்கியிருந்தான்.

"கையுறை எதற்கு?" என்று கேட்டேன்.

"துளை போடுறப்போ சீவல் கையில குத்துது நன்னா."

என் கால்கள் தாமாக நின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், இதே காரணத்துக்காக, இதே பொருளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிகழ்ந்தது. அதன் விலையை என் அத்தா தம் வலக்கையால் கொடுத்தார். அதனைப் பேரனிடம் அன்று சொன்னேன். வாசக நேயர்களிடமும் சொல்லவேண்டும் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

*

கிண்டித் தொழிற்பேட்டை 1958-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை அடுத்து ஆதம்பாக்கம், ஆலந்தூர், பரங்கிமலைப் பகுதிகளில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அந்நாளைய ஆதம்பாக்கத்தில் ஏரியும் வயலும் தோப்பும் இருந்தன. காலைச் சங்கு ஒலிக்குமுன் தூக்குவாளியை ஏந்திய மனிதர்கள் இருப்புப் பாதையைக் கடந்து பட்டறைகளை நோக்கி அணி அணியாய்ச் செல்வார்கள். அவர்களுள் ஒருவராக என் அத்தாவும் செல்வார். சிறுபிள்ளையாயிருந்த நான் எங்கள் ஊரின் பெயரை ஆதம் நபியோடு சேர்த்து எண்ணிப் பெருமைப்பட்டதுண்டு. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால், நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைத்து உண்ணும் மக்களின் ஊருக்கு அப்பெயர் பொருந்தத்தான் செய்தது.

அத்தா ஒரு சிறிய பட்டறையில் பொருள் கட்டும் வேலையில் இருந்தார். 1974-ஆம் ஆண்டில் அவரைத் துளைபோடும் எந்திரத்துக்கு மாற்றினார்கள். கூலி சற்று உயர்ந்தது. அதனோடு வேறொன்றும் வந்தது. இரும்பில் துளை இறங்கும்போது சுருள்சுருளாய் வெளிப்படும் சீவல் கத்தி முனைபோல் கூர்மையானது. இரவு உணவு முடிந்ததும், அரிக்கேன் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, அத்தாவின் விரல்களில் ஏறியிருந்த இரும்புத் துணுக்குகளை அம்மா ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பிறகு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். அத்தா முகம் சுளிக்கமாட்டார். அம்மாவின் முகந்தான் சுளிக்கும்.

ஒரு நாள் அம்மா தையற்கடையிலிருந்து கித்தான் துணியின் வெட்டுத் துண்டுகளை வாங்கிவந்தார்கள். அத்தாவின் கையைத் தாளில் வைத்து வரைந்துகொண்டு, நான்கு இரவு கண்விழித்து ஒரு ஜோடி கையுறை தைத்தார்கள். விரல் நுனிகளில் இரட்டைத் துணி. ஓரங்களில் நெருக்கமான தையல். "இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்க. இனிமே ஒண்ணும் குத்தாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அத்தா அதனை அணிந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு வயது பதின்மூன்று.

இரண்டு நாள் ஒன்றும் குத்தவில்லை. மூன்றாம் நாள், ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் அருகே சேர்ந்த சீவலைத் தள்ளுவதற்காக அத்தா கையை நீட்டினார். சுழலும் பிட்டின் விளிம்பு கையுறையின் ஒரு நூலைப் பற்றியது. அவ்வளவுதான். சுட்டுவிரலும் நடுவிரலும் அன்றோடு போயின.

*

இதில் அறியவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழலும் எந்திரம் ஒரு நொடியில் ஏறத்தாழப் பதினேழு முறை சுழல்கிறது. ஆபத்தைக் கண்டு மனிதன் கையை இழுத்துக்கொள்ள, எத்துணை விரைவானவனாக இருந்தாலும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் ஆகும். அதற்குள் பிட்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். வெறும் விரல் அதில் பட்டால் தோல் கிழியும். கிழிந்தவுடன் விரல் விடுபடவும் கூடும். ஆனால், உறுதியான துணி எளிதில் கிழியாது. அது சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் கையையும் சேர்த்து இழுக்கும். அம்மா எவ்வளவு அக்கறையோடு இரட்டைத் துணி வைத்துத் தைத்தார்களோ, அந்த உறுதியே வினையாயிற்று.

சுழலும் எந்திரத்தின் முன் கையுறை அணியலாகாது என்பது தொழில் அறிந்தோர் அனைவரும் சொல்லும் முதற்பாடம். துளை எந்திரத்துக்கும் லேத்துக்கும் அது பொருந்தும். கையுறை மட்டுமன்று, மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சட்டைக்கை, தோளில் போட்ட துண்டு ஆகிய அனைத்துக்கும் அதே விதிதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை மறந்துவிடவில்லை. ஓடும் எந்திரத்தின் அருகே சென்று பணிசெய்வோர் உடலை ஒட்டிய உடை அணிந்திருக்கவேண்டும் என்றும், அவ்வுடையைத் தொழிற்சாலை நடத்துபவரே வழங்கவேண்டும் என்றும் அதன் 22-ஆம் பிரிவு கூறியது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. அத்தா எந்திரத்தின் முன் நின்றார். இரண்டுக்கும் நடுவே நின்று அதனை எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

அப்படியானால் சீவலிடமிருந்து கையைக் காப்பது எங்ஙனம்? எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரிகையால் சீவலைத் தள்ளவேண்டும். துளைபோடும் பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் வைத்து இறுக்கவேண்டும். செலவு ஒரு தூரிகை. பொறுமை அரை நிமிடம். இவ்வளவுதான் மருந்து.

*

மருத்துவமனையிலிருந்து அத்தா திரும்பிய பின் எங்கள் வீட்டில் ஒரு மௌனம் குடிபுகுந்தது. அம்மா அழவில்லை. பேசவும் இல்லை. அத்தாவுக்கு உணவு பிசைந்து கொடுப்பார்கள். அவருடைய முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். எஞ்சிய இடக்கைக் கையுறையைக் கொல்லைப்புறத்தில் எறிந்துவிட்டார்கள். அத்தா அதனை நான் அறியாமலே எடுத்துவந்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது.

ஏறத்தாழ இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து நாங்கள் அமர்ந்திருந்தோம். அடுப்பில் ஆணம் கொதித்துப் பொங்கி வழிந்தது. அம்மா கரித்துணியைத் தேடினார்கள். அத்தா எழுந்தார். அலமாரியிலிருந்து அந்த ஒற்றைக் கையுறையை எடுத்து இடக்கையில் மாட்டினார். ஆணச் சட்டியின் கொதிக்கும் மூடியைத் தூக்கி அப்பால் வைத்தார்.

"பார்த்தியா? இதுல ஒரு குறையும் இல்லை. இது இருக்கவேண்டிய இடம் இதுதான். நாந்தான் வேற இடத்துக்குக் கொண்டுபோயிட்டேன்" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதார்கள். அந்த விபத்துக்குப் பின் அவர்கள் அழுதது அதுவே முதன்முறை. அதன்பின் அக்கையுறை பல்லாண்டுகள் எங்கள் அடுப்படியின் ஆணியில் தொங்கியது.

அடுப்படியில் காப்பாக அமைந்த அதே துணி, எந்திரத்தின் முன் கண்ணியாக அமைந்தது. பொருளில் வேறுபாடு இல்லை, ஆபத்தில்தான் வேறுபாடு. அன்று நான் கற்ற பாடம் இது ஒன்றே. "எதைக்கொண்டு காத்துக்கொள்வது?" என்று கேட்குமுன், "எதிலிருந்து காத்துக்கொள்வது?" என்று கேட்கவேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரையில், முதற்கேள்விக்குக் கிடைக்கும் விடை நம்மைக் காக்கவும் கூடும், கொல்லவும் கூடும்.

*

பின்னாளில் நான் வேறொரு தொழிற்சாலையின் பொருள்கிடங்கில் காப்பாளனாக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். எண்ணிப்பார்த்தால், என் வாழ்நாளின் பெரும்பகுதி கையுறைகளையும் கண்ணாடிகளையும் எண்ணிக் கொடுப்பதிலேயே கழிந்திருக்கிறது. "அண்ணே, ஒரு கையுறை" என்று வந்து நிற்பவரிடம் "எதற்கு?" என்று கேளாமல் நான் கொடுத்ததில்லை. அதனால் என்னைக் கருமி என்றவர்களும் உண்டு. தீப்பொறிக்கும் கரடான தகட்டுக்கும் தோல் கையுறை. எண்ணெய்க்கும் பல இரசாயனங்களுக்கும் நைட்ரைல். மின்சாரத்துக்கு அதற்கென்றே சோதித்து, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று குறித்த ரப்பர். இந்த ரப்பர் கையுறையில் ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் அது பயனற்றது. ஆகவே அணியுமுன் ஒவ்வொரு முறையும் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, எங்கேனும் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மின்பெட்டியைத் திறப்பவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நிறமும் வடிவும் ஒத்திருப்பதால் தன்மையும் ஒத்திருக்கும் என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை!

தூசியின் கதை இன்னும் துயரமானது. அம்மாவின் தம்பி, என் மாமு, பல்லாவரத்துக்கு அருகே கல்குவாரியில் பாறைக்குத் துளையிடும் வேலை செய்தவர். அம்மலைகளின் கருங்கல் உலகப் புகழ்பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல்லாக அமைந்ததும் இவ்வகைக் கல்லே; அவருடைய பெயரைக்கொண்டே புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். அக்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகம் உண்டு. துளையிடும்போதும் உடைக்கும்போதும் அது நுண்பொடியாகக் காற்றில் கலக்கிறது. அதுவே சிலிக்கா தூசி.

மாமு கவலையற்றவர் அல்லர். ஒவ்வொரு நாளும் ஈரத் துண்டை மூக்கைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். மாலையில் அத்துண்டை உதறினால் வெண்பொடி கொட்டும். "பார், எவ்வளவு தடுத்திருக்கு!" என்பார். அவர் கண்டது துண்டு தடுத்த தூசியை. துண்டு தடுக்காத தூசி கண்ணுக்குத் தெரியாது. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரான். நுரையீரலின் கடைக்கோடிச் சிற்றறைகளைச் சென்று சேரும் தூசியோ ஐந்து மைக்ரானுக்கும் குறைவானது. துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதற்கு அகலத் திறந்த வாயில். நுழைந்த சிலிக்கா வெளியேறுவதில்லை. நுரையீரலில் வடுவை உண்டாக்கி, ஆண்டுக்காண்டு மூச்சைக் குறைக்கிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை; காசநோய்க்கும் அது எளிதில் கதவு திறந்துவிடும். மாமு நாற்பத்து நான்காம் வயதில் இறையடி சேர்ந்தார். கடைசி ஆண்டில் பத்தடி நடப்பதற்குள் இருமுறை அமர்ந்து எழுவார். அப்போதும் அந்தத் துண்டு அவர் தோளில் கிடந்தது.

நுண்தூசிக்கென வடிவமைத்த முகமூடிகள் இன்று கிடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தில் அவற்றுக்கு ஐ.எஸ். 9473 என்னும் எண் உண்டு. என்-95 என்று அழைக்கப்பெறும் அமெரிக்க வகை, 0.3 மைக்ரான் அளவிலான துகள்களில் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுக்கவேண்டும் என்பது விதி. ஆனால், வடிதுணி எத்துணை உயர்ந்ததாயினும், விளிம்பு முகத்தோடு ஒட்டாவிடில் காற்று ஓரத்தின் வழியே உள்ளே போய்விடும். காற்று எளிய வழியையே நாடும். ஆகவேதான் இத்தகைய முகமூடிகளில் தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகள் இருப்பது நல்லது. மூக்கின் மேலுள்ள தகட்டை அழுத்திப் பொருத்தவேண்டும். இரு கைகளாலும் மூடி மூச்சை விட்டு, ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். முகத்தோடு ஒட்டும் முகமூடி தாடியின் மீது ஒட்டாது. இது மார்க்கத்தின் குறையும் அன்று, முகமூடியின் குறையும் அன்று. மயிரிழைகளுக்கு நடுவே காற்று புகும் என்னும் இயற்கை. தாடி வைத்திருக்கும் தொழிலாளி நுண்தூசியில் பணிசெய்ய நேர்ந்தால், தலையை மூடும் தளர்ந்த முக்காடு போன்றதும், மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறியின் வழியே வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்துவதுமான கருவி உண்டு. விலை மிகுதி. ஆயினும் அப்படி ஒன்று உண்டு என்று அறிந்தாலன்றோ முதலாளியிடம் கேட்க இயலும்?

*

"எதிலிருந்து?" என்னும் கேள்விக்கு முதலில் விடை கண்டு, அதன்பின் காப்பைத் தேடிய பெருமகன் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்த பினாங்கில் 1879-ஆம் ஆண்டில் பிறந்த சீன மருத்துவர் வு லியன்-தே. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவுவதே பிளேக் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. வு லியன்-தே ஆராய்ந்து, இது மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று கண்டார். கண்டபின்னரே, சல்லாத்துணியின் நடுவே பஞ்சு வைத்த எளிய முகமூடியை வகுத்து, மருத்துவர் அனைவரும் அணியவேண்டும் என்றார். பிரெஞ்சு மருத்துவர் மெனி அவருடைய கருத்தை ஏற்க மறுத்தார். முகமூடி இன்றி நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 ஜனவரியில் அந்நோயாலேயே மாண்டார். மெனி அறிவிலி அல்லர், அனுபவம் மிக்கவர். அவர் அறிந்த ஆபத்து வேறு. எதிரே நின்ற ஆபத்து வேறு.

நம் தெருக்களிலும் இதே பிழை நாள்தோறும் நிகழ்கிறது. கட்டட வேலைக்குரிய மஞ்சள் தொப்பியை அணிந்துகொண்டு இருசக்கர வண்டி ஓட்டுவோரைப் பரங்கிமலைச் சாலையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அத்தொப்பி மேலிருந்து விழும் கல்லுக்காக அமைந்தது. வண்டியிலிருந்து விழுபவனின் தலை பக்கவாட்டிலும் பின்புறத்திலும் தரையில் மோதும். அதற்கென அமைந்த தலைக்கவசத்தின் எண் ஐ.எஸ். 4151. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வண்டித் தலைக்கவசத்தை விற்பதே குற்றம். உள்ளே உள்ள தெர்மகோல் போன்ற நுரைதான் அடியைத் தான் வாங்கி நசுங்கித் தலையைக் காக்கிறது. ஒருமுறை பலத்த அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் அதன் பணி முடிந்துவிட்டது, அதனை மாற்றிவிடவேண்டும். தாடைவாரை மாட்டாத கவசமோ, தலைக்கு முன்னே தானே பறந்துபோகும்.

வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கூலிங் கிளாஸ் அணிந்து வேலைசெய்யும் இளைஞனும் இவ்வகையினனே. மின்வில்லின் ஒளிக்கு ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு வரையிலான எண் பொறித்த அடர்ந்த கண்ணாடி வேண்டும், முகமும் மூடப்படவேண்டும். இல்லையேல் அன்றிரவே கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் வேதனை எழும். புகுந்த வீட்டை அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்து கழுவி, மூச்சுத்திணறி விழுந்த பெண்ணை எங்கள் தெரு அறியும். அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும். அதற்கு முகமூடி தேடுவது பேதைமை, கலவாதிருப்பதே காப்பு. கழிவுநீர்த் தொட்டியின் நச்சுக்காற்றுக்குத் தூசி முகமூடி ஒரு காப்பே அன்று. மனிதனை அதனுள் இறக்காதிருப்பதே காப்பு. 2013-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பின்றி அங்ஙனம் இறக்குவதைக் குற்றமாக்கியது. ஆயினும் மரணச் செய்திகள் நின்றபாடில்லை.

இங்கேதான் ஓர் உண்மையை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. உடலில் அணியும் காப்பு கடைசி அரண். முதல் அரண் அன்று. ஆபத்தை நீக்க இயலுமா என்று முதலில் பார்க்கவேண்டும். இயலாவிடில் தீங்கு குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைக்கவேண்டும். அதுவும் இயலாவிடில் எந்திரத்துக்கு வேலியிடவேண்டும், தூசியை நீர் தெளித்து அடக்கவேண்டும், உறிஞ்சி வெளியேற்றவேண்டும். இத்தனைக்கும் பிறகு எஞ்சும் ஆபத்துக்கே முகமூடியும் கையுறையும். மாமு துளையிட்ட பாறையில் நீர் பாய்ச்சியிருந்தால் பெரும்பகுதித் தூசி எழும்பியே இராது. இதனைச் செய்யவேண்டிய கடமை, கூலி வாங்குபவனுடையதன்று, கூலி கொடுப்பவனுடையது. முகமூடி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, "இனி உன் பாடு" என்பது காப்பன்று, கைகழுவல்.

*

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், கவசம் என்ன செய்யும்?" என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அத்தாவிடமும் ஒருவர் அப்படிக் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அத்தா நினைவூட்டினார். தவக்குல் என்பது கயிற்றை எறிந்துவிடுவதன்று.

திருமறை இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததை ஸபா அத்தியாயத்திலும் அன்பியா அத்தியாயத்திலும் காண்கிறோம். கவசம் செய்க என்பதோடு கட்டளை நிற்கவில்லை. அதன் வளையங்களை அளவறிந்து இணைக்கவும் பணிக்கப்படுகிறது. அளவு தவறிய கவசம் வாளையும் தடுக்காது, அணிந்தவனையும் அசையவிடாது. பொருளின் சிறப்பைவிடப் பொருத்தத்தின் சிறப்பே பெரிது என்பதை அவ்வொரு சொல் எனக்கு உணர்த்துகிறது.

விரல்களை இழந்த பின் அத்தா அதே பட்டறையின் பொருள் வழங்கும் சாளரத்தில் அமர்ந்தார். புதிதாய் வந்து சேரும் பையன்களை அழைத்து, தம் வலக்கையை மேசையின் மீது வைப்பார். அதிகம் பேசமாட்டார். "எந்திரத்துக்கு முன்னாடி நிக்கிறப்போ, அது எதைப் பிடிச்சு இழுக்கும்னு முதல்ல பாரு தம்பி" என்பார். அவ்வளவே அவருடைய பாடநூல். அவர் அமர்ந்திருந்த காலத்தில் அந்தப் பட்டறையில் வேறெவரும் விரல் இழக்கவில்லை.

*

அன்று மாலை நானும் பேரனும் வீட்டுக்குச் செல்லாமல் நேரே இரும்புக் கடைக்குச் சென்றோம். துளை எந்திரத்துக்கு என்று ஒரு சிறிய வைஸும், ஒரு தூரிகையும் வாங்கினோம். பக்கங்களையும் மூடும் கண்ணாடி ஒன்று வாங்கினோம். தன் மூக்குக்கண்ணாடியே போதும் என்றான். தெறிக்கும் துணுக்கு எப்போதும் நேர்வழியில் வராது என்று விளக்கினேன். மரத்தூளுக்கு அவன் முகத்துக்குப் பொருந்தும் முகமூடியை மூன்று வகை அணிந்துபார்த்துத் தேர்ந்தோம்.

கிரைண்டருக்காகக் காதடைப்பான் வாங்கினோம். எண்பத்தைந்து டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். நூறு டெசிபல் ஒலிக்கும் கிரைண்டருக்கு அக்கணக்கின்படி பதினைந்து நிமிடமே மிஞ்சும். நுரையாலான அடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரியும் வரை பிடித்திருக்கவேண்டும் என்று கடையிலேயே செய்துகாட்டினேன். கடைக்காரர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கையுறையும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன், தோலால் ஆனது. சிலாம்பு நிறைந்த பலகைகளைத் தூக்கிச் சுமப்பதற்கு மட்டும் அது.

வீட்டுக்கு வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து அம்மா தைத்த அந்த ஒற்றைக் கையுறையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கித்தான் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் அடுப்புக் கரி. தையல் மட்டும் ஓரிடத்திலும் விடவில்லை. அவன் அதனைத் தன் இடக்கையில் அணிந்துபார்த்தான். சற்றுப் பெரிதாக இருந்தது. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அதனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியின் கீழே சென்றான்.

சற்றுநேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். எந்திரம் நின்றிருந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தான். கைக்கடிகாரம் மேசையின் ஓரத்தில் கிடந்தது. புதிய தோல் கையுறையைச் சுவரின் மறுபக்கம், பலகைகள் அடுக்கியிருந்த மூலையில், ஓர் ஆணி அடித்து மாட்டியிருந்தான். வெறுங்கையில் தூரிகையைப் பிடித்துச் சீவலைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அந்த ரெஹல் பலகை அடுத்த மாதமே முடிந்தது. என் மகள் அதில் திருமறையை வைத்து ஓதும்போதெல்லாம், என் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மாமுவுக்கும் துஆ செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்திரங்களின் முன்னும் பாறைகளின் முன்னும் நின்று நமக்காக உழைக்கும் எல்லாக் கைகளையும் வல்ல இறைவன் காத்தருள்வானாக! அவற்றைக் காக்கும் அறிவை நமக்கும் தந்தருள்வானாக!